நிழலுக்குப் போன வெப்பமானி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘எங்கே எப்போ அக்கா’ என்று பெயர். யார் எந்த அளவீட்டைக் கொண்டுவந்தாலும், எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எந்தக் கருவியால் எடுத்தது என்று கேட்டுக் குறிப்பு எழுதாமல் கணினியில் ஏற்ற மாட்டாள். இருபது வருடமாக இதே நச்சரிப்பு. ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்று கோப்புக்குப் பெயர் வைப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் ஏரியை ஆராய்பவர் மூச்சிரைக்க வந்தார்.

“அக்கா, பத்து வருஷத்துக்கு முன்னாடி ஏரித் தண்ணி ஒரே நாள்ல ரெண்டு டிகிரி குளிர்ந்திருக்கு. அப்புறம் ஏறவே இல்ல.”

அவள் அந்தத் தேதியின் குறிப்பைத் திறந்து காட்டினாள்: ‘வெப்பமானியைக் கரையிலிருந்து பாலத்தடி நிழலுக்கு மாற்றினோம்.’

அவர் முகம் தொங்கிப்போனது. “என் கண்டுபிடிப்பு போச்சேக்கா.”

“போனா போகட்டும். ஏரி அங்கயேதான் இருக்கு,” என்றபடி அவள் நிம்மதியாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.