ஃபேக்ஸில் வந்த கறுப்புத் தாள்கள்

நான் குடியேறிய நாட்டில், பாபடோயிட்டோய் என்ற புறநகரில் வேலை செய்த மருந்துக்கடைக்கு டொக்டர்களின் மருந்துச்சீட்டுகள் அப்போது ஃபேக்ஸில்தான் வரும். அதே நம்பருக்கு விளம்பரங்களும் வரும்: கார்பெட் கழுவுதல், தீவுச் சுற்றுலா. நாங்கள் கேட்டு வந்தவை அல்ல. தாளும் மையும் மட்டும் எங்களுடையவை.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், மன்னார்க்காரர் ஒருவர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு வயது இருக்கும். மூச்செடுக்கும்போதெல்லாம் அவளுடைய கழுத்துக்குழி உள்ளே இழுபட்டது.

"அக்கா, டொக்டர் ஃபேக்ஸ் பண்ணுறன் எண்டவர். வந்திட்டுதோ?"

மெஷினில் ஒரு சுற்றுலா விளம்பரம் இறங்கிக்கொண்டிருந்தது. முழுக்கக் கறுப்பு, நடுவில் வெள்ளை எழுத்து. அது முடிய இன்னொன்று. கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள்.

எங்கள் மருந்தாளர் மலேசியத் தமிழ்ப் பெண். பிள்ளையைப் பார்த்ததுமே இன்ஹேலரை எடுத்துத் தானே அவளுடைய வாயில் வைத்து அடித்தாள்.

"இது நான் குடுக்கலாம். மூச்சுக்குழல் வீக்கத்துக்கான சிரப்புக்கு டாக்டர் சொல்லணும். போனை வைக்காதீங்க."

போனைக் காதில் இடுக்கியபடியே, விளம்பரம் நிற்கட்டும் என்று வேறு லைனில் இருந்த ஃபேக்ஸின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். திரும்பச் செருகியதும் மணி அடித்தது. மறுபடியும் கறுப்புத் தாள். பாதியில், மை முடிந்துவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

கடைசியில் நர்ஸ் போனை எடுத்தாள். மூன்று தரம் அனுப்பிப் பார்த்தார்களாம், லைன் கிடைக்கவில்லையாம். டொக்டரே மருந்தாளரோடு பேசி மருந்தின் அளவைச் சொன்னார். சிரப்பும் உள்ளே போய், பிள்ளை கதிரையில் இருந்தபடி மெல்ல மெல்லச் சீராக மூச்சுவிடும்வரை மருந்தாளர் பக்கத்திலேயே நின்றாள்.

"விளம்பரத்தாலயோ இவ்வளவு நேரம் நிண்டனாங்கள்?" என்று தகப்பன் கேட்டார்.

திங்கட்கிழமை, விளம்பரத் தொல்லைகளை விசாரிக்கும் அரசாங்க அலுவலகத்தில் முறையிட்டேன். அந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். அனுமதியில்லாமல் ஈமெயிலிலும் டெக்ஸ்டிலும் விளம்பரம் அனுப்புவதைச் சட்டம் தடுக்கிறது, ஃபேக்ஸ் அந்தச் சட்டத்துக்குள் வராது என்றார். அனுப்புகிறவர்களிடமே நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாமாம்.

சுற்றுலாக் கம்பனிக்கு எடுத்தேன். நம்பர்களை எங்கோ பட்டியலாக வாங்கினோம் என்றாள் ஒரு பெண். அந்தப் பிள்ளையின் கழுத்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு எங்கள் நம்பரை மெதுவாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அவர்களுடைய தாள்கள் நின்றன. கார்பெட்காரர் நிறுத்தவில்லை. மருந்தாளர் முதலாளியோடு சண்டை பிடித்து ஃபேக்ஸுக்கென்று இரண்டாவது லைன் ஒன்று எடுப்பித்தாள். அந்த நம்பரை எங்கும் அச்சடிக்காமல், ஒவ்வொரு கிளினிக்குக்கும் நானே போன் எடுத்துச் சொன்னேன்.