கருப்பட்டிப் பற்றும் செம்பியின் கட்டியும்

செய்யுள் மனனம் செய்கையில் என் இடக்கை எங்கள் நாய் செம்பியின்மேல் கிடப்பது வழக்கம். ஒருநாள் அவள் விலாவில், நெல்லிக்காய் அளவில், ஏதோ விரலில் தட்டியது. படித்த அடி பாதியில் நின்றது.

எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் எந்தக் கட்டிக்கும் மருந்து ஒன்றுதான்: கருப்பட்டியும் சுண்ணாம்பும் குழைத்த பற்று. கட்டி பழுத்து உடையும் என்பது நம்பிக்கை. அம்மா அதையே பூசினாள். செம்பிக்கோ கருப்பட்டி என்றால் உயிர். உடலை வளைத்து நக்கித் தீர்த்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மா மறுபடி பூசுவாள்.

சில நாளில் அவ்விடம் சிவந்து, சூடேறி, இருமடங்காக வீங்கியது. நோய்தான் வளர்கிறது என்று நினைத்தோம். மிஷன் பள்ளி ஆசிரியரான அப்பா, மாடுகளுக்குச் சூடு போடுபவரை அழைப்பதாகச் சொன்னார். நான் எதையும் கேட்டுப் பழகியவள் அல்ல. அன்று மட்டும், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டலாம் என்று கேட்டேன். அப்பா வண்டி பூட்டச் சொன்னார்.

ஆற்றைக் கடந்து திருநெல்வேலி போய்ச் சேர்ந்தோம். மருத்துவர் கட்டியைத் தொட்ட விரலை முகர்ந்தார்.

“மருந்தா போட்டீரு? பலகாரம்லா ஊட்டியிருக்கீரு வே.”

அப்பா தலைகுனிந்து சிரித்தார். வீக்கம் சுண்ணாம்பாலும் செம்பி நக்கியதாலும் வந்தது. அது தணிந்தாலன்றி உள்ளிருப்பது இன்னதென்று சொல்ல இயலாது என்றார் மருத்துவர். வெறும் நீரில் கழுவித் துணி சுற்றிக் காத்திருந்தோம்.

மறுமுறை பார்த்தபோது கட்டி மெத்தென்றிருந்தது. விரலுக்கு வழுக்கி நகர்ந்தது. கொழுப்புக்கட்டி (தோலுக்கடியில் கொழுப்புத் திரண்டு உண்டாவது, பெரும்பாலும் தீங்கற்றது). அதை விட்டுவிடலாம் என்றார். பிறகு, மற்ற இடங்களையும் தடவிப் பார்க்க என்னைப் பழக்கினார்: தாடைக்கடி, அக்குள், இடமும் வலமும் ஒப்பிட்டு, கடைசியில் வயிறு. பின்பக்க முலைக்காம்பு ஒன்றின் அருகே மிளகளவில் ஒன்று என் விரலில் கெட்டியாகத் தட்டியது. அது நகரவில்லை.

“இதைத்தான் எடுக்கணும்” என்றார்.

பிழைப்பாளா என்று கேட்டேன்.

“சின்னதா இருக்கையிலயே கண்டுட்டியே தாயி, அது நல்லது. அதுக்கு மேல எனக்கும் தெரியாது.”

குளோரோபாரம் (முகர்ந்தால் உணர்விழக்கச் செய்யும் திரவம்) கொடுக்கையில் செம்பி திமிறினாள். கால்களைப் பிடித்திருந்த அப்பா, “ஏட்டி, நீ தலையைப் பைய பிடி. உன் கைன்னாதான் கிடப்பா” என்றார். கிடந்தாள். அவள் மூச்சு சீராகும்வரை நான் கையை எடுக்கவில்லை.

அந்த மிளகை அறுத்தெடுத்த காயம் ஆறிவிட்டது. கட்டி மீண்டும் வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று தட்டுப்பட்டால், எதையும் பூசுமுன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போதெல்லாம் குளிக்கையில், என் தோலுக்கடியிலும் நான் அறியாத இடங்கள் உண்டென்று தோன்றுகிறது. காலைதோறும் தாடையில் தொடங்கி வயிறுவரை என் கை செல்கிறது. செம்பி அதைக் கொஞ்சல் என்றே எண்ணி மல்லாந்து படுக்கிறாள். விலாவின் நெல்லிக்காய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தொட்டால் ஆறுதல். தையலிட்ட தழும்பில் மட்டும் விரல் சற்று நிற்கும். அங்கே ஒன்றும் தட்டாவிட்டால், அன்றைய நாள் எங்களுடையது.