சந்தனம் அடைத்த இரட்டைக்குழல்

எழுபதுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய ரொக்ஸ்பரோவில், எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் பழைய துப்பாக்கிகள் சிலவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் பார்ப்பதற்கு. ஓர் இரட்டைக்குழலை மட்டும் சுடுவதற்கு என்று ஒதுக்கினேன். அதற்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும். பண்ணை வீட்டு ஏலத்தில் துருவேறிக் கிடந்ததை வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்கத் துடைத்துச் சீராக்கினேன். குழல்களை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சோதித்து, வெடிமருந்தை அளந்து போட்டு, பலகையில் சுட்டும் பார்த்தாயிற்று. வேட்டையில்தான் இன்னும் தேறவில்லை.

என் வேட்டைத் துணை மதுரைக்கார டாக்டர். அவரிடம் இருந்தது புதுத் துப்பாக்கி.

"என்ஜினீயர் சார், இது மியூசியத்துக்குப் போக வேண்டியது. சனிக்கிழமை ஒரு வாத்தாவது விழலைன்னா இதைச் சுவத்துல மாட்டிட்டு என்கூட வந்து புதுசு வாங்கறீங்க. சரியா?"

"சரி" என்றேன், மனைவியை வைத்துக்கொண்டே.

அதே வாரம் ஆயுத பூஜை வந்தது. கார், தையல் மெஷின், ஸ்பேனர்கள் என்று வரிசையாகப் பொட்டு வைத்து வந்த மனைவி, இரட்டைக்குழலின் முன் நின்றாள்.

"இதுக்கு நெத்தி எதுங்க?"

"எங்கயாவது வை."

மறுநாள் எல்லாப் பொட்டையும் ஈரத்துணியால் நானே துடைத்தேன்.

சனிக்கிழமை விடியலில் நாணல் சதுப்பில் உட்கார்ந்தோம். இந்த வகைத் துப்பாக்கியில் மருந்தையும் ஈய ரவையையும் குழல் வாய் வழியே போட்டுக் கோலால் கெட்டிக்க வேண்டும். ஒவ்வொரு குழலின் பின்புறமும் ஊசித்துளையுள்ள ஒரு குமிழ் இருக்கும். அதன்மேல் பொட்டுவெடி போன்ற செப்புக் கேப்பை மாட்டுவோம். விசையை அழுத்தினால் சுத்தியல் அதை அடிக்கும்; பொறி துளைவழியே மருந்துக்குப் போகும்.

முதல் வாத்துக் கூட்டம் தாழ்வாக வந்தது. விசையை அழுத்தினேன். 'டப்'. கேப்பு மட்டும் வெடித்தது. அடுத்த குழலும் அப்படியே.

"தீபாவளி முன்னாடியே வந்துடுச்சா சார்?" டாக்டர் சிரித்த சிரிப்பில் அவரும் சுடவில்லை. வாத்துகள் போய்விட்டன.

குழலை ஆளில்லாத நீர்ப்பக்கம் பிடித்தபடி நெடுநேரம் காத்திருந்தேன். மருந்து தாமதித்தும் பற்றலாம். பிறகு பித்தளைக் கம்பியைத் துளையில் விட்டேன். மஞ்சள் பொடி உதிர்ந்தது. முகர்ந்தேன். சந்தனம்! அவள் கண்ட நெற்றி அந்தக் குமிழ்கள்தான். வெளியே துடைத்தேனே தவிர, உள்ளே இறங்கிக் காய்ந்ததை நான் பார்க்கவில்லை.

"சாமி கண்ண மூடிடுச்சு போல," என்றார், நான் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர்.

"இப்ப திறக்கும்."

இரண்டு துளைகளையும் குத்திச் சுத்தம் செய்து, துளி மருந்து தூவி, புதுக் கேப்பு மாட்டினேன். அடுத்த கூட்டம் வந்தது. வலக் குழல் முழங்கியது. உடனே இடக் குழல். வெண்புகை முன்னால் திரையாக எழுந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் இருந்த டாக்டர்தான் துள்ளி எழுந்தார்.

"விழுந்துச்சு சார்! ரெண்டு! ரெண்டும் விழுந்துச்சு!"

ரப்பர் பூட்ஸோடு அவரே தண்ணீரில் இறங்கி, ஆளுக்கு முன் ஓடும் நாய்போல் இரண்டையும் தூக்கிவந்தார். நான் எழுந்து நின்று, புகை கலைவதை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெடிமருந்து வாசனையைப் போல மணமான ஒன்றை நான் அதற்குமுன் முகர்ந்ததில்லை.

டாக்டர் தன் புதுத் துப்பாக்கியை உறையில் போட்டு மூடினார்.

"அந்த மருந்து டப்பாவை இப்படிக் குடுங்க. எவ்வளவு போடணும்?"

"முதல்ல கையத் துடைங்க டாக்டர். மருந்துக்கு ஈரம் ஆகாது."