ஒன்றும் வெடிக்காத நாள்

அந்த அலங்காரக் கடையில் அவனுக்குப் பெயர் 'பர்சன்ட்'. வாயைத் திறந்தாலே நூற்றுக்கு இத்தனை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். புள்ளியியல் படித்துவிட்டுப் பலூனுக்குக் காற்றடிக்க வந்த ஆளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? அவனுக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. காற்றடிக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சந்தோஷம் பிடிபடாது. எதிரே உட்கார்ந்து பலூனுக்கு முடிச்சுப் போடுபவள் கடைக்காரி என்பதும் ஒரு காரணம். சரி, மறைப்பானேன், அது ஒன்றுதான் காரணம்.

இருவருக்கும் முப்பத்தைந்து தாண்டியாயிற்று, இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மனதில் இருப்பதைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. கணக்கைத் துணைக்குக் கூப்பிட்டான். ஒரு பலூன் வெடிக்கும், இல்லை வெடிக்காது. பெர்னோலி என்பது அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நூறு பலூன், அதில் எத்தனை போகும் என்று கூட்டினால் ஈருறுப்புப் பரவல். வெடிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. எண்ணிக்கை இப்படிப் பெரிதாகவும் வாய்ப்பு சின்னதாகவும் இருந்தால் அதே கணக்கு பாய்சான் பரவலாக வேஷம் மாற்றிக்கொள்ளும். எந்த வேஷத்தில் பார்த்தாலும், ஏறக்குறைய மூன்று நாளில் ஒரு நாள் ஒன்றுகூட வெடிக்காது. அப்படி ஒரு நாள் வந்ததும் சொல்லிவிடுவதென்று சபதம் எடுத்தான்.

இரண்டு மாதம் ஓடியது. அந்த நாள் வந்தபாடில்லை. காலையில் சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளே 'டப்'பென்று ஒன்று போய்விடும். படித்த பாடமெல்லாம் கூட்டுச் சேர்ந்து தன்னை ஏய்க்கிறதோ என்று பயந்தே போனான்.

ஒரு நாள் அவன் சைக்கிளில் காற்றில்லை. ஊருக்கெல்லாம் காற்றடிக்கிற மகராசன் பஸ் பிடித்துச் சீக்கிரமே வந்துவிட்டான். கடைக்குள் அவள் ஒரு சிவப்புப் பலூனை ஊதி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கொண்டை ஊசியால் குத்தினாள்.

“என்னங்க பண்றீங்க?”

“தினம் பண்றதுதான். ஒண்ணை நாமளே உடைச்சிட்டா மீதியெல்லாம் சமத்தா இருக்கும்ல?”

“பலூனுக்கு ஏதுங்க ஞாபகம்? முதல் வெடி எத்தனையாவது பலூன்ல வரும்னு காத்திருக்கிறதுக்குப் பேரு ஜியோமெட்ரிக். எவ்வளவு காத்திருந்தாலும் அடுத்ததுக்கு அதே நூத்துல ஒண்ணுதான்.” சொல்லும்போதே அவனுக்குப் பொறி தட்டியது. “அப்ப ரெண்டு மாசமா உடைச்சது நீங்களா?”

“ஒரு பலூனுக்கா இப்படி வேர்க்குது?”

வேறு வழியில்லாமல் சபதத்தைச் சொன்னான். ஒன்றும் வெடிக்காத நாளில் அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றான்; என்ன விஷயம் என்று மட்டும் சொல்லவில்லை. அவள் காது மடல் சிவந்தது.

“நான் குத்தினது கணக்குல சேராது. அடிங்க காத்தை.”

அடித்தான். ஐம்பது தாண்டியது. தொண்ணூறு தாண்டியது. சிரிப்பை அடக்க இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். நூறாவதற்கு அவள் முடிச்சை இழுத்தாள். டப்.

அவன் முகம் தொங்கிப்போனது. “பரவாயில்லீங்க, நாளைக்குப் பார்க்கலாம்.”

“நாளைக்கு மட்டும் வாய்ப்பு கூடிடுமா?”

“கூடாது. அதேதான்.”

“அப்புறம் எதுக்கு நாளைக்கு?” அவள் கொண்டை ஊசியை உருவினாள். “தொண்ணூத்தொன்பது இருக்கு. நீங்க வாயைத் திறக்கிற வரைக்கும் ஒண்ணொண்ணா உடைப்பேன்.”

ஒன்று போயிற்று. இரண்டு போயிற்று. மூன்றாவதற்கு ஏதோ முனகினான், காதில் விழவில்லை. நான்காவது வெடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் கொட்டிவிட்டான்.

அவள் ஊசியைத் திரும்பக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

“நாலுதானா? நான் நாப்பது போகும்னு நினைச்சேன்.”