ஏரிக்குப் போகிற நாளில்

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் வியாபாரக் கூடையில் போடமாட்டாள் சம்பூர்ணம். செவுள் சிவப்பாக இருந்தாலும் அவளுக்குப் போதாது. விரலால் வயிற்றை அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பாள். "இப்பத்தான் வலையிலேந்து எடுத்ததுக்கா" என்று விற்கிறவன் சத்தியம் செய்தால், "சரி, அப்பால?" என்பாள். அது அவள் வாயில் ஓயாத சொல். கும்மிடிப்பூண்டிக்கு நேரத்தோடு போய்விடலாம் என்று பஸ் கண்டக்டர் சொன்னாலும் விடமாட்டாள். "ரயில்வே கேட்டு மூடிக்கினா? அப்பால?"

சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரைக் குப்பத்தில் வீடு. மூன்று பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் உதிரம் நிற்காமல், மாட்டு வண்டியில் படுக்கவைத்துப் பொன்னேரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னொன்று உண்டானால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். அப்போது கணவன் முனிகிருஷ்ணன் வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது, "கங்கையம்மா பாத்துக்குவா" என்று கோயில் பக்கம் கும்பிட்டுவிட்டு வலையை உதறினான். அந்தப் பதிலுக்கு மட்டும் அவள் "அப்பால?" கேட்கவில்லை. அதோடு அவனிடம் அந்தப் பேச்சையும் விட்டுவிட்டாள்.

குப்பத்துக்கு வந்துபோகும் நர்ஸ் ரத்னாவிடம்தான், இனி உண்டாகாமலிருக்க வழி கேட்டாள். மீன் வாங்குகிற மாதிரியே ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் புருஷன் கையெழுத்து வேண்டுமாம். கொஞ்ச காலம் கூடையும் தூக்கக் கூடாதாம். கருப்பைக்குள் லூப் வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வயிற்றைப் பிடித்தபடி நடப்பதை அவளே தினம் பார்க்கிறாள். பட்டணத்தில் ஊசி ஒன்று போட்டுப் பார்க்கிறார்களாம், மாதக்கணக்கில் கவலை இல்லையாம்.

"மாத்திரை ஒத்துக்கலைன்னா நிறுத்திடலாம். ஏத்தின ஊசிய உருவ முடியுமா நர்சம்மா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் நியாயமாகக் கேட்பவர்கள் எல்லாரும் சரியாக நடந்துவிடுவதில்லை.

மாத்திரை என்றால் முதலில் குமட்டும், தலை வலிக்கும், பால் குறையும் என்றாள் ரத்னா. சம்பூர்ணம் கடைக்குட்டி சோறு தின்னும்வரை பொறுத்திருந்தாள். ரத்னா அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தாள்.

"கால் வீங்குனா?"

"ரத்தம் கட்டிக்கினா ஆபத்து. நிறுத்திட்டு ஓடியா."

"ரொம்ப நாள் துன்னா பெரிய வியாதி வரும்னு ஆரம்பாக்கத்துல பேசிக்கிறாங்களே?"

"அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது, சம்பூர்ணம்."

"தெரியாதுன்றியே, அதுக்கோசரம் உன்ன நம்புறேன். குடு."

அட்டையை மஞ்சள்தூள் டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். குமட்டலை மீன் கவிச்சி என்று சொல்லிச் சமாளித்தாள். ராத்திரியில் காலைத் தடவித் தடவிப் பார்ப்பாள். தலை லேசாக வலித்தாலும் அதுதானோ என்று பயப்படுவாள். ஆனாலும் இன்னொரு பிரசவத்தின் பயம் அதைவிடப் பெரியது.

மழைக்காலத்துக்கு முன் ரத்னா மறுபடி வந்து, காலி அட்டையைக் கேட்டாள். அட்டையில் அங்கங்கே மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"இதெல்லாம் ஏன் துன்னல?"

சம்பூர்ணத்தின் முகத்தில் சிக்கனக்காரியின் பெருமை. "வீணாக்குவனா? அதெல்லாம் பாடு நாளு."

ஏரியில் மீன் விழும் இடங்களைப் 'பாடு' என்பார்கள். ஊரார் முறைவைத்து அங்கே வலை போடுவார்கள். முறை வந்த இரவுகளில் ஆண்கள் படகிலேயே கிடப்பார்கள்.

"அவருதான் ஏரியில கெடக்குறாரே, ஊட்ல நான் எதுக்குத் துன்னணும்?"

ரத்னா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அவரு வரதுக்கும் போறதுக்கும் இல்லடி அது. உன் ஒடம்புக்கு. தெனமும் ரத்தத்துல இருந்துகினே இருக்கணும். தலைக்குக் குளிச்சியா?"

"தள்ளிப் போயிருக்குது. மாத்திரைக்கு அப்படித்தான் ஆவும்னு இருந்துட்டேன்."

மீன் கூடையில் ஈ மொய்த்தது. இருவரும் அதை விரட்டவில்லை.

"இனிமே இதத் தொடாத. வெள்ளிக்கிழமை பொன்னேரிக்கு வா, டாக்டரம்மா பாக்கட்டும். ஊட்டுக்காரரையும் கூட்டிக்கினு வா. அவரு தெரிஞ்சிக்கணும்."

"அப்பால?"

"பாத்தாத்தான் சொல்ல முடியும்."

எல்லாவற்றின் செவுளையும் தூக்கிப் பார்த்தவள், எப்போதெல்லாம் தின்ன வேண்டும் என்பதை மட்டும் கேட்காமலே விட்டிருந்தாள்.

அன்று முனிகிருஷ்ணனுக்குப் பாடு. பொழுது சாய, சம்பூர்ணம் சோற்றுச் சட்டியோடு கரைக்குப் போனாள். சட்டியைக் கொடுத்ததும் திரும்பிவிடுவதுதான் வழக்கம். இன்று படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

"உடுடி, காத்து மாறுது."

அவள் விடவில்லை.

"இன்னா பேஜாரு இது? பிள்ளைக்கு ஜுரமா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"பின்ன வாயத் தொறந்து சொல்லேன்."

முழங்கால்வரை தண்ணீரில் நின்றபடி, இடுப்புச் செருகலிலிருந்து மஞ்சள் படிந்த அந்த அட்டையை எடுத்து அவன் வலையின்மேல் வைத்தாள். மற்றக் கை படகை விடவில்லை.