ஷமீமா சொன்னதை நான் திருத்தி எழுதியது

முதல் சனிக்கிழமை போனபோது என் கையில் நோட்டுப் புத்தகம், இடுப்பில் ஒன்றரை வயது மகள், பையில் நான்கு டயப்பர். மூன்று போதுமா என்று பார்க்கிங்கில் நின்று யோசித்து நான்காக்கியிருந்தேன்.

இர்விங் என்ற அமெரிக்க நகரில், எங்கள் பள்ளிவாசலின் பின்னறையில் காதியார் இஸ்லாமியச் சட்டப்படி குடும்ப வழக்குகள் கேட்பார். இலங்கையில் முப்பது வருடம் காதி நீதிமன்றத்தில் இருந்து, மேல்முறையீடு கேட்கும் இடம்வரை உயர்ந்தவர். ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்தவரைப் பள்ளிவாசல் கமிட்டி பிடித்துக்கொண்டது. எனக்கு டிபென்டென்ட் விசா. சம்பள வேலை கூடாது. சும்மா எழுத்தராகச் சேர்ந்தேன்.

"பாப்பா சத்தம் போட்டா வெளிய போயிடட்டுமா, காதியார்?"

"ஏன் மகள்? இங்க வாற பெரிய ஆக்கள விட அது சத்தம் குறைவுதானே."

அவருடைய முறை எளிது. இரு தரப்பும் அவர் இல்லாமல் என்னிடம் தனித்தனியாகச் சொல்வதை நான் எழுத வேண்டும். வீட்டில் டைப் செய்து, அடுத்த சனிக்கிழமை காதியாரும் அவர்களும் கேட்க வாசிக்க வேண்டும். அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகே தீர்ப்பு.

நான்காவது வாரம் ஷமீமா வந்தாள். கணவரை விட்டு வந்து அக்கா அபார்ட்மென்டில் இருந்தாள். அவர் தலாக் சொல்ல மறுத்தார். காதியார் பஸஹ் கொடுத்தால், அதாவது கணவர் சம்மதம் இல்லாமலே நிக்காஹைக் கலைத்தால், விடுதலை. இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டும்.

அவள் கார் சாவியைப் பற்றியே பேசினாள். எனக்கு அது சில்லறைச் சண்டையாகப் பட்டது. பாவம், காதியார் முன்னால் இவள் மதிப்புக் குறைய வேண்டாமே என்று, "கணவர் என்னைச் சரியாகக் கவனிக்கவில்லை" என்று அழகாக டைப் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை நான் வாசித்து முடித்ததும் அவள் கணவர் சிரித்தார். "இவ்வளவுதானா? இனிமே நல்லா கவனிச்சுக்கிறேன்."

"அப்ப மூணு மாசம் சேர்ந்து இருந்து பாருங்க," என்றார் காதியார். கையெழுத்துப் போட ஷமீமா தலை நிமிராமல் பேனாவை எடுத்தாள்.

எழுத்தர் குறுக்கே பேசலாமா? பேசினால் என் தப்பு வெளியே வருமே? என் மகள் வேறு அந்த நேரம் டயப்பரை நனைத்தாள்.

"காதியார், அவங்க இப்படிச் சொல்லல. நான்தான் மாத்திட்டேன்."

காதியார் கையை நீட்டினார். "நோட்டுப் புத்தகத்தக் கொண்டு வாங்க," என்றார். அவரே வாசித்தார்:

"லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டு கார் சாவியையும் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போயிடுவார். புள்ளைக்கு காய்ச்சல் அடிச்சப்ப ஃப்ரீவே ரோட்டு ஓரமா தூக்கிட்டு நடந்தேன். ஒரு வெள்ளைக்காரம்மா நிறுத்தி ஏத்திக்கிட்டாங்க."

காதியார் கண்ணாடியைக் கழற்றினார். "சாவிய ஏன் தம்பி குடுக்கல்ல?"

"வெளிய போய்ப் பழகிட்டா அப்புறம் வீட்ல நிக்க மாட்டா, காதியார்." கணவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இதையும் எழுதுங்க மகள். அவர் சொன்ன மாதிரியே."

எழுதினேன். இரண்டு வாரத்தில் பஸஹ் கிடைத்தது.

அதன் பிறகு மூன்று வருடம் எழுத்தராக இருந்தேன். டைப் செய்யும்போது ஒரு வரி எனக்குக் கூச்சமாக இருந்தால், நோட்டை எடுத்து மறுபடி பார்ப்பேன், அது அவர்கள் சொன்னபடியே முழுதாக வந்திருக்கிறதா என்று.