கழுத்தளவுத் தண்ணீர்

நகராட்சி நீச்சல் குளத்தில் நான் நுழைவுச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே உயிர்காப்பாளராக இருந்தவரை எல்லோரும் நீச்சலக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு காலத்தில் நாட்டுக்காகப் பதக்கம் வாங்கியவர். இருபத்தாறு வயதில் தோள்பட்டைத் தசை கிழிந்தது. அதோடு போட்டிகள் முடிந்தன. கல்யாணப் பேச்சை எடுத்தால், "எந்நேரமும் ஈரத் தலையோட நிக்கிறவள யாரு வந்து பொண்ணு பார்ப்பா?" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

பதினொரு மணிக்குக் குளம் காலியாகும். அந்த ஒரு மணி நேரம் அக்கா தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து, நடக்க முடியாத பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்குவார். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

தையல்காரம்மாவின் மகளுக்கு ஏழு வயது. தரையில் நிறுத்தினால் துணி மாதிரி மடங்கி விழுவாள். கழுத்தளவுத் தண்ணீரில் அக்கா பிடித்துக்கொண்டால் நிற்பாள். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் அக்கா மெல்லக் கையை எடுத்தார். குழந்தை நடந்தாள். அம்மா கரையில் நின்று சத்தமாக எண்ணினார். பதினொன்று வரைக்கும்தான் எண்ண முடிந்தது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதமே குளத்தின் தரை விரிசல் விட்டது. தண்ணீரை வெளியேற்றிக் கதவைப் பூட்டினார்கள். "ரெண்டே மாசம்" என்றார் பொறியாளர்.

நான்காவது மாதம் அக்காவும் நானும் மனு எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி எழுந்து நின்றே வரவேற்றார். "நீங்க நம்ம ஊருக்கே பெருமை மேடம்" என்று சொல்லிச் செல்போனில் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார். மனு மேசை மேல் மின்விசிறிக் காற்றில் படபடத்தது.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "காத்து கூட புரட்டிப் பார்த்துச்சு தம்பி. அவரு பார்க்கல."

தனியார் கிளப் ஒன்றில் கேட்டோம். "நீங்க எப்ப வேணா வாங்க. அந்தப் பிள்ளைங்க வேணாம், மெம்பருங்க முகம் சுளிப்பாங்க" என்றார் மேலாளர். அக்கா திரும்பி நடந்தார்.

கடைசியில் தன் வீட்டு மொட்டைமாடியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்தார். மூன்று மாடிக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தோம். குழந்தையை உள்ளே இறக்கினால் இடுப்பு வரைதான் வந்தது. கால்கள் மடங்கின.

"அக்கா, தண்ணி பத்தல" என்றாள் குழந்தை.

"நாளைக்கு இன்னும் ஊத்தலாம்டா" என்றார் அக்கா. தொட்டியே அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும்.

ஆறு மாதத்தில் குழந்தையின் முழங்கால்கள் இறுகிவிட்டன. இனி நிமிர்த்துவது கஷ்டம் என்றார் டாக்டர். தையல்காரம்மா ஒரு நாள் தனியாக வந்தார். கோபமாகப் பேசவில்லை.

"இனிமே கூட்டிட்டு வரலக்கா. தூக்கத்துல காலை ஆட்டுறா. நடக்கிற மாதிரி கனவு போல. எழுந்ததும் அழுவுறா. அவளுக்கு ஆசை காட்டினது போதும்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

மறு வருடம் விளையாட்டுச் சங்கம் அவருக்கு 'கருணை உள்ளம்' என்று விருது கொடுத்தது. சால்வை போட்டு ஒலிவாங்கியை நீட்டினார்கள். "குளத்துல எப்ப தண்ணி விடுவீங்க?" என்று மட்டும் கேட்டார். மண்டபமே கைதட்டியது. நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள்.

அங்கிருந்து நேராகத் தையல்காரம்மா வீட்டுக்குப் போகலாம் என்றார். போனோம். கதவில் பூட்டு தொங்கியது. அந்தம்மா தன் கூடப்பிறந்த தம்பி இருக்கும் ஊருக்கே குடிபோய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.

அக்கா சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. பேருந்து நிறுத்தம் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தார்.